லோசேலியின் ஊமை போன்

மோத்துலேக்கா என்ற சின்னத் தீவில் லோசேலியை ஏமாற்றியவன் என்று இதுவரை ஒருவனும் பிறக்கவில்லை. ஏமாற்றலாமா என்று அவன் யோசிப்பதற்கு முன்னாலேயே இவள் அவனைச் சந்தேகப்பட்டு முடித்திருப்பாள். படகில் வரும் மாவு மூட்டையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்வாள். போதகர் கண்ணை மூடி ஜெபிக்கச் சொன்னால் ஒரு கண்ணை மட்டும் மூடுவாள். மீன்காரன் “இன்னைக்குப் பிடிச்சது அக்கா” என்றால், “எந்த வாரத்து இன்னைக்கு?” என்று கேட்பாள். அவள் சொல்லி அவன் முகம் சுருங்கிப் போவதைப் பார்க்கவே துறைமுகத்தில் நாலு பேர் நிற்பார்கள்.

ஆனால் ஒருவனை மட்டும் அவள் பதினொரு வருஷமாகச் சந்தேகப்படவில்லை. அவன் அவள் புருஷன் விலிசோனி. ரொம்ப நல்லவன் என்பதால் இல்லை; பொய் சொன்னால் அவனுக்குக் காது இரண்டும் சிவந்துவிடும். “அவனுக்கு அந்தச் சாமர்த்தியம் பத்தாது” என்று தைரியமாக இருந்தாள். அதனால்தான் கடல் தாண்டி குயின்ஸ்லாந்துத் தோட்டத்துக்குப் பழம் பறிக்க ஒன்பது மாதம் அனுப்பி வைத்தாள். போனவர்களில் சிலர் திரும்பவில்லை, அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார்கள் என்று ஊரே பேசியது. பேசட்டுமே என்று விட்டுவிட்டாள்.

ஏப்ரலில் போனான். தினமும் வேலை முடிந்ததும் கூப்பிட்டான். இரண்டு பெண் குழந்தைகளும் போனைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜூலையில் ஒருநாள் துறைமுகத்துக் கடையில் விற்கக் கெக்கே என்ற மாவு உருண்டை பொரித்துக்கொண்டிருக்கும்போது, தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியிருந்த அவளுடைய பட்டன் போன் நழுவி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. சிம்மோடு சேர்ந்து பொரிந்தது. அன்று வாங்கிப் போனவர்களெல்லாம் கெக்கேயில் பிளாஸ்டிக் வாசனை அடிக்கிறது என்றார்கள்.

போன் பொரிந்த கதை விலிசோனி காதுக்கும் போனது. அவனோடு தோட்டத்தில் வேலை செய்த ஒருவன் தாயின் சாவுக்காகத் திரும்பி வந்தான். அவன் கையில் விலிசோனி ஒரு போன் கொடுத்து அனுப்பியிருந்தான். ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்த, பெரிய கண்ணாடி போன். கூட வேலை பார்க்கிறவனிடம் வாங்கியது. அவனுக்கு அமெரிக்காவிலிருக்கும் சித்தப்பா மகன் அனுப்பியதாம். காலுறைக்குள் ஒரு சீட்டும் இருந்தது. “இதுல மொகம் பாத்தே பேசலாம். பேசற ஆப்புல என் பேரு, உன் கணக்கு எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். சிம் மட்டும் போடு.”

சிம் வாங்கி வந்தவள் அண்ணன் பெண்டாட்டி அத்தெலைத்தே. அண்ணன் மனாசேயின் வீடு நாற்பது தப்படி தள்ளி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலா, ஒரு பன்றிப்பட்டி, அவ்வளவுதான். அத்தெலைத்தே தன் கையாலேயே சிம்மைப் போட்டாள். போன் மினுக்கியது, பாட்டுப் பாடியது, பூ படம் காட்டியது. ஆனால் உச்சியில் கோடு கோடாக நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் நின்றது. பக்கத்தில் ‘சேவை இல்லை’ என்று எழுதியிருந்தது.

“கொஞ்ச நேரம் ஆகும் போல,” என்றாள் அத்தெலைத்தே.

கொஞ்ச நேரம் ஒரு நாள் ஆனது. லோசேலி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடந்தாள். தேவாலயப் படியில் ஏறினாள். கொய்யா மரத்தில்கூட ஏறிப் பார்த்தாள். தென்னைகளுக்கு மேலே போன் கம்பெனிக் கோபுரம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. அதே கோபுரத்துக்குக் கீழே ஊரிலுள்ள ஓட்டை உடைசல் பட்டன் போனெல்லாம் மணியடித்தது. இவள் கையிலிருந்த அமெரிக்கச் சீமான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

முதல் சந்தேகம் அத்தெலைத்தே மேல் விழுந்தது. ‘இவ எதுக்கு வலிய வந்து சிம் வாங்கிக் குடுத்தா? யாரோடதோ பழசைக் குடுத்துட்டாளா? நல்லதை அவ எடுத்துக்கிட்டாளா?’ அந்தச் சிம்மைப் பிடுங்கிக் கத்தரிக்கோலால் வெட்டிப்போட்டுவிட்டு ஊர்க் கடைக்குப் போனாள்.

கடைக்காரன் சத்தியம் செய்யாத குறை. “எல்லாம் சிம்முலதான் இருக்கு அக்கா. அலையே அதுக்குள்ளதான் இருக்கு. பழைய சிம்முக்குப் பழைய அலை, புது சிம்முக்குப் புது அலை. மாத்திப் போடுங்க, சும்மா கிர்ருனு இழுக்கும்.”

மோத்துலேக்காவில் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். சிக்னல் சரியில்லை என்றால் சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுவார்கள். நம்பர் மாறினால் என்ன, சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தானே எல்லோரும் இருக்கிறார்கள்? லோசேலிக்கு வேண்டியவன் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். இரண்டாவது சிம் போட்டாள். பெருக்கல் குறி. மூன்றாவது போட்டாள். அதே பெருக்கல் குறி.

யாரிடமாவது போனை இரவல் வாங்கி ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நன்றாகக் கேட்டீர்கள். துறைமுகத்தில் பக்கத்துக் கடை போட்டிருப்பவள் பிசிலா. தர்பூசணியும் தேங்காயும் கரைத்த ஓத்தாய் பானம் விற்கிறாள். அவள் புருஷனும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறான். “என்ன லோசேலி, உன் ஆளு போனே காணோம்?” என்று அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். வெறும் வாயை மெல்லுகிறவள் அவள். அவளிடம் அவலைக் கொடுப்பதா? புருஷனோடு பேச இரவல் போன் கேட்பதும், புருஷன் கைவிட்டான் என்று தமுக்கு அடிப்பதும் இந்த ஊரில் ஒன்றுதான்.

அதனால் லோசேலி ஒரு காரியம் செய்தாள். செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசினாள். “ஐயோ, போதும் விடு விலிசோனி... சீ, பக்கத்துல ஆளுங்க இருக்காங்க!” என்று சிரித்தாள். உருண்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சிரித்தாள். பிசிலாவின் கண் விரிவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் போனைப் பாயில் விட்டெறிந்துவிட்டு அழுதாள்.

யோசிக்க யோசிக்க அவளுக்கு எல்லாம் கோணலாகவே தெரிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுதான். ஐந்து வருஷம் ஒழுங்காக அடித்த பட்டன் போன் மாதிரி ஒன்று அனுப்பாமல் எதற்கு இவ்வளவு பெரிய போன்? எதற்குச் சீட்டில் ‘சிம் மட்டும் போடு’ என்று அத்தனை சுருக்கமாக எழுதினான்? பேச விருப்பமில்லாதவன் பேசாத போனாகப் பார்த்து அனுப்பியிருக்கிறான். ‘அனுப்பினேனே’ என்று ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம், பேசவும் வேண்டாம். விலிசோனிக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை என்றால், சொல்லிக் கொடுக்க ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள். பதினொரு வருஷமாகச் சந்தேகப்படாமல் விட்டதையெல்லாம் ஒரு மாதத்தில் வட்டியோடு பட்டுத் தீர்த்தாள்.

ஒருநாள் அத்தெலைத்தே பலா மரத்தடியில் வந்து நின்றாள். “லோசேலி, அந்த போனைப் பத்தி உங்க அண்ணன் என்னமோ சொல்றாரு...”

“உங்க வீட்டுல என் போனைப் பத்தி என்ன பேச்சு? நீ குடுத்த சிம்முல ஆரம்பிச்சதுதானே எல்லாம்? போய் உன் வேலையைப் பாரு அண்ணி.”

அத்தெலைத்தேயும் ரோஷக்காரி. “வாயைத் திறந்தது என் தப்பு” என்று திரும்பிப் போனாள். அதோடு ஐந்து வாரம் பேச்சு நின்றுபோனது.

மனாசேயோ நேரில் வந்து சொல்ல முடியாதவன். அந்த ஊரில் அண்ணன் தங்கை என்றால் அப்படித்தான். வயசுக்கு வந்த பிறகு ஒரே கூரையின் கீழ் படம் பார்ப்பதில்லை. அவள் இருக்கும் அறைக்குள் அவன் போவதில்லை. அவள் துணி காயும் கயிற்றடியில்கூடக் குனிந்து போவதில்லை, சுற்றித்தான் போவான். அவள் பொருளை அவன் தொடமாட்டான், அவன் பொருளை இவள் தொடமாட்டாள். அவள் புருஷன் அவளிடம் என்ன பேசினான், ஏன் பேசவில்லை என்பதெல்லாம் அண்ணன் காதில் விழவே கூடாத சங்கதி. விழுந்தாலும் விழாத மாதிரி எழுந்து போய்விட வேண்டும். மனாசே மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கறாராக இருப்பவன்.

அந்த மனாசேதான் கோபுரத்தைப் பார்த்துக்கொள்கிறவன். அடியில் புல் வெட்டுவான், சூரியத் தகடுகளைத் துடைப்பான், பொறியாளர் வந்தால் ஏணி பிடிப்பான். தங்கை போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடற்கரையில் நடந்ததை அங்கிருந்து பார்த்தான். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

செப்டம்பரில் லோசேலி முடிவுக்கு வந்தாள். பக்கத்துப் பெரிய தீவிலுள்ள பாங்காய் நகரத்தில் ஓர் அலுவலகம் இருக்கிறது. வெளியே வேலைக்குப் போனவன் குடும்பத்தைக் கைவிட்டால் பெண்டாட்டி அங்கே எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால் ஆளை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். பிறகு ஜென்மத்துக்கும் அவன் பேர் பட்டியலில் வராது. ஊர் முன்னால் தலை நிமிரவும் முடியாது. ‘வரட்டும். வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும்’ என்று பல்லைக் கடித்தாள். வெள்ளிக்கிழமைப் படகுக்குக் கறுப்பு உடுத்தி, இடுப்பில் கியேகியே என்ற மரியாதை நார்ப்பட்டை கட்டி, குழந்தைகளைப் போதகர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினாள். சாட்சிக்குக் காட்ட அந்தப் போனையும் பையில் போட்டுக்கொண்டாள்.

அலுவலகத்தில் ஒரு தடித்த அம்மாள் படிவத்தை நீட்டினாள். லோசேலி உட்கார்ந்து எழுதினாள். கணவன் பெயர்: விலிசோனி. ஊர்: மோத்துலேக்கா. குற்றம் என்ற இடத்துக்கு வந்து பேனாவை வைத்தபோது பை குலுங்கியது. டிங் என்றது. டிங் டிங் என்றது. பிறகு நிற்கவே இல்லை.

“அம்மா, உங்க பை அழுவுது,” என்றாள் அந்த அம்மாள்.

லோசேலி போனை வெளியே எடுத்தாள். பெருக்கல் குறியைக் காணோம். அந்த இடத்தில் நாலு கோடு. கீழே விலிசோனியின் முகப்படம், பக்கத்தில் எழுபத்துமூன்று என்று ஓர் எண். எழுபத்துமூன்று குரல் செய்தி! நம்பர் மூன்று தடவை மாறினாலும் கணக்கு மாறவில்லையே. எல்லாம் அதில் வந்து குவிந்து கிடந்தன. படிவத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே ஓடி, ஒரு புன்னை மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“ஏ புள்ள, போன் வந்துச்சா? எப்பிடி இருக்கு? பெருசா இருக்குல்ல?” அது முதலாவது. “ஏன் எடுக்க மாட்டேங்கற? குழந்தைங்களுக்கு ஒண்ணும் இல்லையே?” அது ஒன்பதாவது. “அண்ணி குடுத்த நம்பருக்கு அடிச்சா, அப்பிடி ஒரு நம்பரே இல்லங்கிறான். கடைக்காரனைக் கேட்டு வேற நம்பர் வாங்கினேன், அதுவும் இல்லங்கிறான். நம்பரை எதுக்கு மாத்திக்கிட்டே இருக்க?” அதற்குப் பிறகு குரல் மாறிப்போனது. “பிசிலா அவ புருஷன்கிட்ட சொல்லியிருக்கா. நீ துறைமுகத்துல நாள் பூரா போன்ல சிரிச்சுச் சிரிச்சுப் பேசறியாம். என்கிட்ட பேசலியே லோசேலி. அப்ப யார்கிட்ட பேசற?” கடைசியில் வந்தது நேற்று மாலை பேசியது. அதில் சண்டைகூட இல்லை. “சரி. நீ சந்தோஷமா இரு. நான் வரல.”

லோசேலி உடனே கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அங்கே வேலை நேரம், போனைப் பெட்டியில் வைத்திருப்பான். அவன் தேநீருக்கு உட்காரும்வரை நெருப்பின் மேல் நிற்பது போல் இருந்தது. எதிரே போன் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடை தெரிந்தது. நேராக அங்கே போனாள்.

கடைக்காரி பேர் கலோலைனே. மூக்கு நுனியில் கண்ணாடி, வாயில் ஒரு திருப்புளி. லோசேலி மேஜை மேல் போனை வைத்தாள். “இது இங்க பேசுது. எங்க தீவுல பேச மாட்டேங்குது. உள்ள யாரு என்ன பண்ணி வெச்சிருக்கான்னு தொறந்து பாத்துச் சொல்லு. என்கிட்ட மறைக்காதே.”

கலோலைனே திறக்கவில்லை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தாள். “அமெரிக்காவுல விக்கிறதுக்குன்னு செஞ்சது. ஒருத்தரும் ஒண்ணும் பண்ணல அக்கா. பொறக்கும்போதே அந்தக் காது இல்லாம பொறந்திருக்கு.”

“மூணு சிம் மாத்தினேன்!”

“முப்பது மாத்தினாலும் அதேதான். சிம்முக்குள்ள அலையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. நீ எந்த நாட்டுக்காரி, எந்தக் கம்பெனிக்காரி, அவ்வளவுதான் அது சொல்லும். போன் என்ன பண்ணும் தெரியுமா? தனக்குக் காது இருக்கிற அலைவரிசையை எல்லாம் ஒவ்வொண்ணா கேட்டுப் பாக்கும். கோபுரம் அதோட அலைவரிசையில ‘நான் இன்னார், நான் இன்னார்’னு ஓயாம கூவிக்கிட்டே இருக்கும். சிம்மு சொன்ன பேரும் கோபுரம் கூவுற பேரும் ஒத்துப்போச்சுன்னா போய் ஒட்டிக்கும். அதுக்கப்புறம் ‘நீ இந்த எடத்துல பேசு, அந்த எடத்துல கேளு’ன்னு கோபுரம்தான் சொல்லும். சிம்மு சொல்லாது.”

“எங்க ஊர்க் கோபுரமும் அதே கம்பெனிதானே?”

“கம்பெனி ஒண்ணு, அலைவரிசை வேற. இங்க நாலஞ்சுல கூவுது. உங்க மோத்துலேக்கா கோபுரம் தொள்ளாயிரம் மெகாஹெர்ட்ஸ் ஒண்ணுலதான் கூவும். சின்னத் தீவு, அதுக்கு அது போதும். இந்த போனுக்கு அந்தத் தொள்ளாயிரம் கேக்காது. தேவாலயத்துல அடித்தொண்டைக்காரன் ஒருத்தனும் இல்லாத அன்னைக்கு, பாட்டுத் தலைவர் அடித்தொண்டைக்கே சுரம் குடுத்துக்கிட்டு இருந்தா யாரு பாடுவா? அந்தக் கதைதான்.” திருப்புளியைக் கீழே வைத்தாள். “உங்க ஊர்ல கோபுரத்தைப் பாத்துக்கிறவருக்கு இது தெரியுமே. கேக்கலியா நீ?”

‘உங்க அண்ணன் என்னமோ சொல்றாரு’ என்று பலா மரத்தடியில் நின்ற அத்தெலைத்தே லோசேலியின் நினைப்பில் வந்து நின்றாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள். அதுவும் கடல் தாண்டி.

பத்து நிமிஷம் கழித்து விலிசோனி எடுத்தான்.

“யாரு?”

“நான்தான் விலிசோனி. லோசேலி.”

“ஓ. இது எத்தனாவது நம்பர்?”

“கேளு, கத்தாம கேளு. தப்பு எல்லாம் இந்த போன்லதான். நம்ம தீவுல இது வேலையே செய்யாது. கோபுரம் தொள்ளாயிரத்துல கூவுதாம், இதுக்கு அந்த அலைவரிசை...”

“அலைவரிசையா? யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தான்?”

“சொல்லிக் குடுத்தவ பொம்பள!”

“அந்த போனை இங்க நான் தோட்டம் பூரா சுத்திப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன். எல்லா எடத்துலயும் எடுத்துச்சு. இப்ப எதுல பேசற நீ?”

“இதே போன்லதான்.”

“செத்த போன்ல பேசற! என்னை என்ன மாங்கா மடையன்னு நெனச்சியா?”

“பாங்காயில எடுக்குதுடா! அங்க எடுக்காது!”

“துறைமுகத்துல சிரிச்சது? அது பாங்காயிலயா நடந்துச்சு?”

உலகத்திலேயே லோசேலியால் சொல்ல முடியாத ஒன்று அதுதான். சொன்னாள். “நான் யார்கிட்டயும் பேசல. பேசற மாதிரி நடிச்சேன். நீ கூப்பிடலன்னு பிசிலாவுக்குத் தெரியக்கூடாதுன்னு...”

மறுமுனையில் அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. “லோசேலி, நீ ஊரையே சந்தேகப்படுவ. ஆனா பொய் இவ்வளவு மோசமா சொல்லுவேன்னு எனக்குத் தெரியாது.” பிறகு குரலை இறக்கினான். “நேத்து சாயங்காலம் கையெழுத்துப் போட்டுட்டேன். பழம் முடிஞ்சதும் தெக்க காய்கறித் தோட்டம். இன்னும் ஒன்பது மாசம். அதுக்கப்புறம் என்னன்னு எனக்கே தெரியல.” போன் அணைந்தது. திரும்பக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

அன்றே படகில் திரும்பினாள். மோத்துலேக்கா நெருங்க நெருங்க நாலு கோடு இரண்டானது, ஒன்றானது, பெருக்கல் குறி வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் சொன்னதை அவன் நம்பமாட்டான். அவள் அவனாக இருந்தால் அவளும் நம்பமாட்டாள். பாதிரிமார் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நாற்பது தப்படி தள்ளி, அண்ணன் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அத்தெலைத்தே சேம்பு இலையில் கறி வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், பிறகு இலையைப் பார்த்தாள்.

“அண்ணி, நான் உன்னைத் திட்டினது தப்பு. சிம்மை மாத்திட்டேன்னு நெனச்சதும் தப்பு.”

“அப்பிடி வேற நெனச்சியா?”

“நெனச்சேன். அஞ்சு வாரமா நெனச்சேன். அடிக்கணும்னா அடி. ஆனா எனக்கு ஒண்ணு பண்ணு.” எல்லாவற்றையும் சொன்னாள். படிவம், எழுபத்துமூன்று செய்தி, துறைமுகத்துச் சிரிப்பு, கையெழுத்து வரைக்கும். “அண்ணனை விலிசோனிகிட்ட பேசச் சொல்லு.”

அத்தெலைத்தேயின் கையிலிருந்த இலை நழுவியது. “எதை? நீ போன்ல சிரிச்சதையா? உன் புருஷன் உன்னைச் சந்தேகப்படறதையா? அதை அவரு வாயால பேசணுமா? ஏண்டி, உன் பேரையே அவரு வீட்டுக்குள்ள மெதுவாத்தான் சொல்லுவாரு! வெக்கத்துலயே செத்துருவாரு.”

“தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

வீட்டுச் சுவர் வெறும் பலகை. உள்ளே மனாசே இருந்தான், எல்லாம் கேட்டிருக்கும். வழக்கப்படி அவன் பின்வாசல் வழியாக எழுந்து போயிருக்க வேண்டும். போகும் சத்தத்துக்காக இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. முன்வாசல்தான் திறந்தது. மனாசே வெளியே வந்து, தங்கைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றான். சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்து எண்களை அழுத்தினான். அவன் கழுத்து வியர்த்திருந்தது.

“விலிசோனி... நான் மனாசே... ஆமாம் மச்சான், நான்தான். நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க பேசாத. திரும்பச் சொல்ல என்னால ஆகாது.” மூச்சை இழுத்துக்கொண்டான். “நீ அனுப்பின போன் இங்க வேலை செய்யாது. கோபுரத்துக் கதவுல அலைவரிசை எழுதி ஒட்டியிருக்கு, நானே துடைக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான். அமெரிக்க போன் அதை எடுக்காது. போன வருஷம் போதகர் வீட்டுக்கு வந்த அமெரிக்கக்காரங்க போனும் எடுக்கல. தங்கச்சி போனைத் தூக்கிக்கிட்டுக் கரையெல்லாம் அலைஞ்சது. நான் மேலேந்து பாத்தேன். பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன்.”

மனாசே போனை மறு காதுக்கு மாற்றினான். அத்தெலைத்தே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“துறைமுகத்துல... அதையும் பாத்தேன். சூரியத் தகடு தொடைக்கறப்போ. சிரிச்சுப் பேசிச்சு, காத்துல எல்லாம் கேட்டுச்சு. ஒலகத்துல யாரு கூடவும் இல்ல மச்சான். அந்த போன்ல பேச முடியாதுன்னு இந்த ஊர்லயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். செத்த போனை வெச்சுக்கிட்டு உன் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. அப்பவே உனக்கு நான் சொல்லியிருக்கணும். சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. இப்ப சொல்லிட்டேன்.”

போனை முற்றத்துக் கல்லின் மேல் வைத்தான், அணைக்காமல். தங்கையின் பக்கம் திரும்பாமலேயே கடற்கரையைப் பார்த்து நடந்தான். வேகமாக நடந்தான்.

கல்லின் மேலிருந்து “மச்சான்? மச்சான்?” என்று விலிசோனியின் குரல் சின்னதாகக் கேட்டது. லோசேலி அண்ணனின் பொருள் எதையும் பத்து வயசுக்குப் பிறகு தொட்டதில்லை. எடுத்தாள். காதில் வைத்தாள்.

“நான்தான்.”

அந்தப் பக்கம் அவன் தேம்பிக்கொண்டிருந்தான். “மச்சானைப் போய் இதைப் பேச வெச்சுட்டோமே புள்ள. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவரு வாயிலேந்து இது வரணும்னா...”

“கையெழுத்தைத் திருப்பி வாங்க முடியாதா?”

“காலையிலேயே ஆள் பட்டியல் போயிடுச்சு. இப்ப மாட்டேன்னா அடுத்து எப்பவும் கூப்பிட மாட்டாங்க. உன்கிட்ட பேசினதுக்கப்புறமே போய்க் கேட்டேன். கோவம்தான், ஆனா மனசு கேக்கல, அதான் போனேன். முடியாதுன்னுட்டாங்க.”

“நானும் உன் மேல புகார் எழுதினேன்,” என்றாள் லோசேலி. “உன் பேரு, ஊரு வரைக்கும் எழுதிட்டேன். குற்றம்ங்கிற எடத்துலதான் பை அடிச்சுது. ஒரு நிமிஷம் பிந்தியிருந்தா நீ இந்நேரம் விமானத்துல இருப்ப.”

“எழுதித் தொலைச்சிருக்கலாம். வீட்டுக்காவது வந்திருப்பேன்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அவள் முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். நம்பினவன் என்று உலகத்தில் இருந்தது ஒருத்தன். அவனையும் ஒரு மாதத்தில் சந்தேகப்பட்டாள், அவனும் பட்டான். ஒரு போனுக்குக் காது இல்லாததற்கு இரண்டு குழந்தைகள் இன்னும் ஒன்பது மாதம் கூடுதலாக அப்பனைப் பார்க்காமல் இருக்க வேண்டும். அதை எவனிடம் போய்ப் புகார் கொடுப்பது?

பேசி முடித்ததும் போனைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இருட்டுவதற்குள் அத்தெலைத்தே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள். கூடவே சிம்மை நெம்பி எடுக்க ஓர் ஊசி.

“உன் சிம்மை எடு. இதுல போட்டுத் தரேன். அவரோட சிம்மைக் கழட்டிட்டேன்.”

“அண்ணனுக்கு?”

“அவரு இதை இனிமே தொட மாட்டாராம். நீ தொட்டுட்டியாம், அது உன்னோடதாம். படகுல வேற ஒண்ணு வாங்கிக்கிறாராம்.”

லோசேலி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அவரே சொன்னாரா, இல்ல நீயா சொல்றியா?”

“அவரேதான் சொன்னாரு. பின்வாசல்ல உக்காந்து, சுவத்தைப் பாத்துக்கிட்டுச் சொன்னாரு. அழுதுக்கிட்டே சொன்னாரு. போதுமா?”

போதும் என்று லோசேலி தலையாட்டினாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.